வடக்குச் சுவரோரம் நடந்தவர்

பார்ட்லி டான்ஸி இறந்த வாரம் எங்கள் மேயோ மாவட்டப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘கில்கரனின் பேய்க்கதை மன்னர் மறைந்தார்.’ கூடவே ஒரு படம். மடத்து வாசலில் கையில் பெரிய சாவியோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மன்னரும் இல்லை.

என் பெயர் வின்னி. இடிந்த மடத்து வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் மதுக்கடை முதலில் என் அப்பாவுடையது, அப்புறம் என்னுடையது. மூன்று மாடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஊரில் யாராவது செத்தால் குழி தோண்டுகிற வேலை, இதுதான் பார்ட்லியின் பிழைப்பு. மடத்துச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. அதைப் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் துறவிகள் இருந்த, கூரை போய் நானூறு வருஷத்துக்கு மேல் ஆன கட்டடம். மாடு நுழையாமல் இருக்க ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் யாரிடமும் பேசமாட்டார். “அவன் வாயத் தொறக்கற அன்னிக்கு மேயோவுல மழ நின்னு வெயில் அடிக்கும்” என்று என் அப்பா கேலி செய்வார். டிலியா நேர்மாறு. கடற்கரைப் பக்கத்துப் பெண், சரியான வாயாடி. சந்தையில் கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பார்ட்லியைப் பார்த்து, “கன்னுக்குட்டிய நீ கூட்டிட்டுப் போறியா, இல்ல அது உன்னக் கூட்டிட்டுப் போகுதா?” என்று கேட்டாளாம். அந்த வருஷமே கல்யாணம். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். கடைக்குள் வந்தால் ஆண்கள் குடிப்பதை நிறுத்திவிட்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்ப்பார்கள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சே விடவில்லை. அவசரத்துக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கக்கூட உயிர் இல்லை.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு, சாமியார் ஜெபித்து மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ மங்கலான இடம் என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அப்பன்தான் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் தனியாகப் போக வேண்டும். பூசை இல்லை, மணி இல்லை. எங்கே வைத்தான் என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. நாற்சந்தி, கடலோர மணல், யாருக்கும் சொந்தமில்லாத வேலியோரம் என்று அதற்கென்றே சில இடங்கள் இருந்தன. இது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீறியவனும் ஒருவன் கிடையாது. ஊர் ஊராக ஆண்பிள்ளைகள் இப்படி வாயைத் தைத்துக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டிலியா விடவில்லை.

“எங்க வச்ச?”

“பத்திரமா இருக்கான்.”

“பத்திரம்னா எங்க, பார்ட்லி?”

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் அவள் நடக்க ஆரம்பித்தாள். எங்கே புதுமண் தெரிந்தாலும் நின்றுவிடுவாள். ஒரு நாள் நாற்சந்தியில் முழங்காலிட்டுக் கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தவளை என் அப்பா வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவிட்டார். நகமெல்லாம் ரத்தம். இனித் தேட மடம் ஒன்றுதான் பாக்கி என்று அவள் சொன்னதாக அப்பா அன்றைக்குக் கடையில் சொன்னார். பார்ட்லி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பார்ட்லி வாயைத் திறந்தார். கடையில் ஆண்களுக்கு நடுவில் எழுந்து நின்று முழுசாக ஒரு கதை சொன்னார். நாங்கள் அசந்துபோனோம்.

“இங்கிலாந்து ராஜாவோட படை மடத்தப் பிடுங்க வந்த நாளு. ஊர்ப் பொம்பளைங்க கைப்பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வடக்கு வாசலுக்கு ஓடியாறாங்க. உள்ள மடத்துத் தலைவரு, அதான் மூப்பரு, வெள்ளிப் பாத்திரத்தயெல்லாம் மூட்ட கட்டிக்கிட்டிருக்காரு. கதவத் தொறந்தா பாத்திரம் போயிரும்னு நெனச்சாரு. தொறக்கல. தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு உள்ளயே நின்னாரு. வெளிய அத்தன பேரையும் வெட்டிப்போட்டானுங்க. அவரு மட்டும் பொழச்சாரு. அப்புறம் அந்தக் கதவையே கல்லு வச்சு அடச்சுட்டாரு. நம்பலைன்னா போய்ப் பாருங்க, இன்னிக்கும் அடச்சுத்தான் கிடக்கு.”

கதவு அடைத்துக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மற்றதையும் நம்பினார்கள்.

“செத்தும் அவருக்கு விடுதல இல்ல. கறுப்பு அங்கியப் போட்டுக்கிட்டு வடக்குச் சுவரோரமா நடந்துக்கிட்டே இருக்காரு. அந்தப் பிள்ளைங்கள எண்ணணும். எண்ணிக்கிட்டே வருவாரு, கடைசியில ஒண்ணு குறையும். திரும்ப மொதல்லருந்து. உயிரோட யாராவது அங்க காலு வச்சா அவங்களையும் கணக்குல சேத்துக்குவாரு.”

“அடேய், என் மாமியாரக் கூட்டிட்டுப் போய் அங்க விடட்டுமா?” என்று பீட்டி லாவெல் கத்தினார். பீட்டி அடுத்த வீட்டு விவசாயி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு மாட்டை அந்தப் பக்கம் மேய விடவில்லை.

வீட்டில் டிலியாவிடம் சொன்ன கதையில் இன்னொன்றும் இருந்தது. அதை வெகுகாலம் கழித்து அவளே எனக்குச் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாராவது அங்கே வந்தால், தூங்குகிற பிள்ளைகளெல்லாம் தங்கள் அம்மா என்று நினைத்து எழுந்துவிடுமாம். எழுந்தால் மறுபடியும் வெட்டுப்பட்டுச் சாக வேண்டுமாம். பயமுறுத்தினால் டிலியா அடங்கமாட்டாள் என்று பார்ட்லிக்குத் தெரியும். அவள் மனசு இளகும் இடம் எது என்பதும் தெரியும். அவள் மடத்துப் பக்கம் போகவே இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

ஐம்பத்துநாலு, திருச்சபை மாதாவுக்கென்று கொண்டாடிய வருஷம். எல்லா ஊரிலும் மாதா சிலை வைக்கக் குகை மாதிரி கெபி கட்டினார்கள், எங்கள் ஊரும் கட்டியது. அப்போதிருந்த சாமியாருக்குச் சுற்றிலும் பதிக்க வெள்ளைக் கல் வேண்டும். “மடத்துக்கு வடக்கே புல்லுக்குள்ள நிறையக் கிடக்குதே, ஒரே அளவுல. அதை எடுத்து வாங்க” என்றார். ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் இன்னொரு தரம் சொன்னார். பீட்டிதான் முதலில் நகர்ந்தார். பின்னால் பார்ட்லி, என் அப்பா, மற்றவர்கள்.

நான் ரோட்டோரத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக, ஆளுக்கொரு கல்லை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தள்ளுவண்டி காலியாக நின்றது.

“வண்டியில போட்டா என்னப்பா?” என்றேன்.

“ஒடஞ்சிரும்” என்றார் அப்பா.

கல் உடையுமா என்று நான் சிரித்தேன். பட்டப்பகலில் பேய் இருக்கும் இடத்துக்குப் போனதால் பயந்து வெளிறியிருக்கிறார் என்று நினைத்தேன். பதினெட்டு வயது, வேறென்ன தோன்றும்?

கெபியைக் கழுவும் வேலையை டிலியா எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். மே மாதம் பிறந்தால் ஒரு வாளி, சலவைச் சோடா, கம்பி பிரஷ். பாசி பிடித்த ஒவ்வொரு கல்லையும் பல் துலக்குவதுபோல் தேய்ப்பாள். “மாதாவுக்கு எவ்வளவு பக்தி பாரு” என்று பெண்கள் சொல்வார்கள். பார்ட்லி அந்த வழியாக வந்தால் எதிர்ப்பக்கமாக நடப்பார்.

வருஷங்கள் போயின. பார்ட்லியின் கதை வளர்ந்துகொண்டே போனது. வானொலிக்காரர்கள் வந்து பதிவு செய்தார்கள். டப்ளினிலிருந்து பேருந்துகள் வர ஆரம்பித்தன. அவர் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். “தெற்குப் பக்கம் எங்க வேணாலும் போங்க, வடக்க மட்டும் வேண்டாம்” என்பார். ஜனங்கள் உடம்பு சிலிர்த்துப்போய் என் கடைக்கு வந்து குடிப்பார்கள். எனக்கு லாபம்தான், மறைப்பானேன். அவருக்கும் அந்தக் கவனிப்பு பிடித்துப்போயிற்று என்றுதான் நினைக்கிறேன். ஒரு மனுஷன் ஒரே பொய்யை இவ்வளவு நாள் சொன்னால் அது அவன் சட்டை மாதிரி ஆகிவிடும்.

யாரும் போகாமல் இருக்கச் சொன்ன கதை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஃபின்டன் என்று ஒரு பையன் வந்தான். வடக்குச் சுவரோரமாகப் பள்ளம் தோண்டி, ஜல்லி போட்டு, பேய் நடக்கும் வழியிலேயே ஜனங்கள் நடக்கிற மாதிரி பாதை போடப்போகிறார்களாம். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். டிலியா தேநீர்ப் பானையோடு மேசைக்கு மேசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை இயந்திரம் வரும் என்று ஃபின்டன் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து பார்ட்லி எழுந்தார்.

“அங்க தோண்டக் கூடாது.”

“ஏன், மூப்பருக்குக் கோவம் வந்துருமா?” என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

“அப்படி ஒருத்தரும் இல்ல. அது நான் கட்டுன கதை.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். “பலே பார்ட்லி, இதுதான் இருக்கறதுலயே நல்ல கதை!”

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதானோ என்னவோ. கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டும்போது இப்படித்தான் முழித்திருப்பார்.

“அங்க இருக்கறது என் பையன்” என்றார்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. முன்வரிசைகளில் நின்று, நடுவில் நின்று, பிறகு இளசுகளும் வாயை மூடிக்கொண்டார்கள். கிழவர்கள் முதலிலிருந்தே சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் அன்றைக்குக் கல் கேட்ட சாமியார் முன்னால் நின்ற மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீட்டி லாவெல் தடியை ஊன்றி எழுந்தார். “என்னோடது ரெண்டு” என்றார், உட்கார்ந்துவிட்டார்.

டிலியா தேநீர்ப் பானையை மேசைமேல் வைத்தாள்.

“அம்மாக்காரி வந்தா பிள்ளைங்க முழிச்சுக்கும்னு சொன்னியே?”

“பொய், டிலியா.”

“எனக்காகவா சொன்ன?”

“நீ கையால தோண்டிக்கிட்டு அலஞ்ச. அங்கயும் வந்துருவியோன்னு… வந்தா அவனத் தோண்டி எடுத்துருவ. ஊரு சிரிக்கும். சாமியாரு என்ன சொல்வாரோன்னு இருந்துச்சு.”

“அடையாளம் ஏதாவது வச்சியா?”

“வெள்ளக் கல்லு வச்சேன். எல்லாரும் அதத்தான் வைப்போம்.”

“எங்க அந்தக் கல்லு?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கெபி.

என் அப்பா மார்போடு தூக்கிக்கொண்டு வந்த கல் அந்த நிமிஷம்தான் எனக்கு நினைவு வந்தது. அது யாருடையது, எனக்கு அண்ணனா அக்காவா என்று கேட்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மண்டபத்தில் இருந்த பாதிப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டிலியா முதலில் வீட்டுக்குப் போய்க் கரி உடைக்கும் சுத்தியலோடு வந்தாள். கெபி முன்னால் நின்றாள். “எது?”

“கீழ் வரிச. இடது கைப் பக்கம். செவப்பா ஒரு கோடு ஓடும்.”

“தெரியும்” என்றாள். “துருக்கறைன்னு நெனச்சு எத்தன தடவ தேச்சிருக்கேன்.”

சிமெண்டை உடைக்க ஆரம்பித்தாள். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் லோர்க்கன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “அம்மா, அம்மா, இது மாதா கெபி. நிதானமா யோசிச்சு…”

“மாதாவுக்கு அவங்க பிள்ளைய எங்க வச்சாங்கன்னு தெரியும், ஃபாதர். தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நின்றார். கல் பெயர்ந்து வந்தது. அதைத் துண்டில் சுற்றி, நாற்பது வருஷம் கழித்து முதல் தடவையாக டிலியா மடத்து வாசலுக்குப் போனாள். பார்ட்லி பூட்டைத் திறந்தார். வடக்குச் சுவரோரம் போய் நின்றார்கள். புல் இடுப்பு உயரம்.

“எந்த இடம்?”

அவர் இரண்டடி நடந்தார், நின்றார். திரும்பி நடந்தார். அவருக்குத் தெரியவில்லை. கல்லை எடுத்த அன்றைக்குப் பிறகு அவரும் அங்கே கால் வைக்கவில்லை. தன் கதைக்குத் தானே பயந்தாரோ, கல்லை எடுத்த வெட்கமோ, நான் அறியேன்.

பாதைத் திட்டத்தை விட்டுவிட்டார்கள். ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண்ணை அனுப்பினார்கள், நல்ல பெண். இங்கே அமிலம் அதிகமான புளித்த மண், பச்சைப் பிள்ளை எலும்பு இதில் நிற்காது, கரைந்துபோயிருக்கும் என்று டிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வடக்குக் கதவைப் பற்றியும் சொன்னாள். குளிர் தாங்காமல் துறவிகளே அதை அடைத்தார்களாம். படை வந்தபோது ஒரு உயிர்கூடப் போகவில்லையாம். மடத்துத் தலைவர் மடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ராஜா கொடுத்த ஓய்வுச் சம்பளத்தில் வயதாகிச் செத்தாராம்.

“அப்ப அந்தப் பிள்ளைங்களும் இல்லையா?” என்றாள் டிலியா.

“எந்தப் பிள்ளைங்கம்மா?”

“நான் தெனமும் ஜெபமால சொன்னேனே, அதுங்க.”

ஆராய்ச்சிக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். இல்லாத பிள்ளைகளுக்கு நாற்பது வருஷம் ஜெபம். இருந்த பிள்ளைக்கு வைக்க ஒரு பெயர்கூட இல்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இருவரும் மடத்துக்குப் போனார்கள். டிலியா சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பார்ட்லி பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நடப்பார். நிற்பார், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், திரும்ப முதலிலிருந்து வருவார்.

“இங்கயா?”

“இல்ல. வாசல்லருந்து பாத்தா ஒரு முள்மரம் நேரா தெரியும். மரத்த எப்பவோ சாய்ச்சுட்டாங்க.”

“அப்ப அங்கயா?”

“இரு, மறுபடி பாக்கறேன்.”

ஒரு நாள் பேருந்தில் வந்த ஒருத்தன், “அதோ பாருங்க, மூப்பர்!” என்று கத்தினான். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் ஏப்ரனோடு ரோட்டைத் தாண்டி ஓடி அவர்களைத் திட்டிய திட்டு இன்னும் ஊரில் பேச்சு.

அவர் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அவர்களுக்கு ரொட்டியும் தேநீரும் கொண்டுபோயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பார்ட்லி இளைத்துத் துரும்பாகியிருந்தார். திடீரென்று ஓரிடத்தில் நின்று, “இங்கதான், டிலியா” என்றார்.

டிலியா எழுந்தாள். கல்லை இறக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“பார்ட்லி. கத சொல்லாத.”

அவர் நின்ற இடத்திலிருந்து காலை எடுத்தார். “தெரியலம்மா” என்றார். “நீ ஒக்காந்து ஒக்காந்து தேய்ஞ்சு போறியேன்னு சொன்னேன்.”

அவள் கல்லை மறுபடி துண்டில் சுற்றினாள். மற்றொரு கையால் அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். மன்னித்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அவளும் சொன்னதில்லை.

பார்ட்லியைப் புதுக் கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணில், பெயர் பொறித்த கல்லுக்குக் கீழே வைத்தோம். அந்த வெள்ளைக் கல்லை அங்கே வைக்கலாமே என்று லோர்க்கன் சாமியார் மெதுவாகக் கேட்டார். “பிள்ள அங்க இல்லையே, ஃபாதர்” என்று டிலியா சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவளுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. கல்லை அவர் படுத்த பக்கம் தலையணையில் வைத்துக்கொண்டு தூங்கினாள். போன மார்ச்சில் அவளும் போனாள்.

உடம்பைக் கழுவி உடுத்தியது நான்தான். பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஜெபமாலையை விரலில் சுற்றி, கல்லைத் துண்டோடு அவள் கைக்குள் வைத்தேன். சாமியார் வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாமியாரின் மௌனத்துக்கு என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

தோள் கொடுத்தவர்களில் பீட்டியின் பேரன் ஒருவன். நல்ல வாட்டசாட்டமான பயல். பெட்டியைத் தூக்கியதும் தடுமாறினான்.

“என்ன வின்னி இது, குருவி மாதிரி இருந்த கிழவி, இவ்வளவு கனக்குது?”

“மெதுவாத் தூக்குடா” என்றேன். “உள்ள ரெண்டு பேர் இருக்காங்க.”